கண் மூடிப் படித்தவர்கள்

செப்டம்பர் 2, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பினாங்கில், பல்கலைக்கழகத்தின் சீனத் துறையில் ஆய்வு உதவியாளர். டிசம்பர் வரைதான். ஆய்வு ஒழுங்காக முடிந்தால், ஜனவரியில் தொடங்கும் முதுகலைப் படிப்புக்கான உபகாரச் சம்பளத்துக்கு என் பெயரைப் பரிந்துரைப்பதாக டாக்டர் கூ பீ லியன் சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இரண்டாவது பட்டத்தையும் நானே வாங்கிவிட வேண்டும். வேறு யாரும் வாங்குகிற மாதிரி தெரியவில்லை. அண்ணன் லோரி ஓட்டுகிறான்.

கருவியைப் பார்த்துக்கொள்பவன் வெய் ஜியான். அவனும் அதே உபகாரச் சம்பளத்துக்குக் காத்திருப்பவன். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"நீ சீனம் படிப்பியா? பேசறதைக் கேக்கல. படிக்கிறது."

"படிப்பேன்."

மேசைமேல் கிடந்த விளம்பரத் தாளை நீட்டினான். வாசித்துக் காட்டினேன். பீட்சா விலை.

"உச்சரிப்பு நல்லாத்தான் இருக்கு லா," என்றான், பேசுகிற கிளியைப் பார்ப்பதுபோல.

இவர்கள் எல்லோரும் என்னிடம் மாண்டரின்தான் பேசுகிறார்கள். இந்த நோட்டில் மட்டும் என் வீட்டுத் தமிழில் பேசுவார்கள். எழுதும்போதாவது அவர்கள் என் பக்கம் வரட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆய்வு இதுதான். சீன வாசகர்கள் பழைய கவிதையை எப்படிப் படிக்கிறார்கள், புதிய கவிதையை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாசகர் ஒரு தாங்கியில் தாடையை வைத்துத் திரையைப் பார்ப்பார். திரையில் கவிதைகள் ஒவ்வொன்றாக வரும். கீழே உள்ள கருவி அவருடைய கண் எந்த எழுத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று பதிவு செய்யும். கண் அதிகம் நின்ற இடம் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். படித்து முடித்ததும் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு மதிப்பெண் போட்டு, தோன்றியதைச் சொல்ல வேண்டும். சொல்வதை நான் தட்டச்சு செய்ய வேண்டும்.

பக்கத்து மேசையில் எனக்கு ஒரு சின்னத் திரை. அதில் வாசகரின் கண் ஒரு பச்சைப் புள்ளியாக ஓடும். பிறத்தியார் கண்ணுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எனக்குப் பொருத்தமானது. பேச வேண்டியதில்லை.

இதில் ஒரு சண்டையும் இருக்கிறது. சீனப் பள்ளிகளுக்கான கவிதை வாசிப்புப் பட்டியலை ஆசிரியர் சங்கம் மாற்றப்போகிறது. முழுக்கப் பழையது வேண்டும் என்று ஒரு கூட்டம். பாதியாவது புதியது வேண்டும் என்று டாக்டர் கூ. நவம்பரில் சங்கக் கூட்டத்தில் இந்த ஆய்வை வைத்து அவர்கள் வாயை அடைக்கப்போகிறார். "வாயை அடைக்க" என்பது அவர் சொன்ன வார்த்தை.

செப்டம்பர் 11, புதன்

முதல் வாசகர்கள். ஊர்ச் சீனர்களின் குலச் சங்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு அம்மாள் கதவருகில் நின்று என்னைப் பார்த்து, "சீனப் பொண்ணு யாரும் இல்லையா?" என்றார். நான் மாண்டரினில் உட்காரச் சொன்னேன். கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாடையைத் தாங்கியில் வைத்தபிறகும் பையை விடவில்லை.

பழைய கவிதைகளில் ஒன்று யார் எழுதியதென்று தெரியாதது. ஏழேழு எழுத்தாக நான்கு வரி. தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

எல்லைக் காவலில் மூன்றாம் பனிக்காலம்.
அண்ணனுக்கென மூடி வைத்த மது ஜாடி
நேற்றிரவு உறைந்து வெடித்தது.
ஆற்றில் இன்னும் படகில்லை.

புதிய கவிதைகளில் ஒன்றிலும் எழுதியவர் பெயர் இல்லை. அது இப்படி:

அப்பாவின் பல்செட்
கண்ணாடி டம்ளரில் சிரிக்கிறது.
அப்பா இறந்து ஒன்பது நாள்.
லிஃப்ட் எங்கள் மாடியில் நின்று
யாரையும் இறக்காமல் மூடிக்கொள்கிறது.
அம்மா இன்றும் தண்ணீர் மாற்றினாள்.

பைக்கார அம்மாள் இதற்கு ஒன்று போட்டார். "சாப்பிட்டுட்டு வந்தேன். இதைப் படிக்க வச்சு வாந்தி வர வைக்கிறீங்க," என்றார். தட்டச்சு செய்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

படகுத்துறையில் மழை. குடை உடைந்தது. நாள் முழுக்க ஈரச் செருப்பு.

செப்டம்பர் 20, வெள்ளி

இந்த வாரம் பல்செட் கவிதைக்கு வந்த வசவுகள். டாக்டரிடம் கொடுத்த தாளிலிருந்து:

ஓய்வுபெற்ற கணக்கர்: "வரியை உடைச்சா கவிதையா? அப்ப என் மளிகை ரசீதும் கவிதைதான். அதுலயாவது கூட்டினா ஒரு தொகை வரும்."

சாப்பாட்டுக் கடைக்காரர்: "பல்லைப் பத்தி எழுதறவனுக்கு உலகத்துல நிலா இல்ல, மலை இல்ல?"

ஒரு ஆசிரியை: "என் மாணவன் எழுதியிருந்தா திருப்பி எழுதச் சொல்லியிருப்பேன்."

டாக்டர் கூ தாளை நின்றபடியே படித்தார். கணக்கர் சொன்னதில் ஒரு நிறுத்தக்குறியைத் திருத்தினார். போகும்போது, "திட்டறவன்தான் மறுபடி மறுபடி படிக்கிறான். வரைபடத்தைப் பாரு," என்றார். பார்த்தேன். "பல்செட்"டின்மேல் தக்காளிச் சட்டினி கொட்டியதுபோல் சிவப்பு.

பழைய கவிதைகளின்மேல் லேசான மஞ்சள்.

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு சிக்கல். பழைய கவிதை வந்தால் சிலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். முதல் வரியில் பச்சைப் புள்ளி ஓடும். இரண்டாவது வரி தொடங்கும்போது காணாமல் போய்விடும். திரும்பிப் பார்த்தால் தாடையைத் தாங்கியில் வைத்தபடியே கண் மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு இருப்பார்கள். சிலருக்குக் கால் கட்டைவிரலும் தாளம் போடும். கடைசி எழுத்தை இழுத்து முடித்தபிறகுதான் கண் திறக்கும்.

வெய் ஜியானிடம் சொன்னேன்.

"கண்ணு தெரியலேன்னா பதிவு இல்ல. பதிவு இல்லேன்னா ஆளும் இல்ல. மூணுல ஒரு பங்கு நேரத்துக்கு மேல புள்ளி காணாமப் போனா அவரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடு. அதான் விதி."

"ஒரு கவிதைக்கு மூடினாக்கூட முழு ஆளையும் எடுக்கணுமா?"

"நீ என்னா, விதியை மாத்த வந்தியா?"

எடுத்தேன். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பழைய கவிதை படிக்கிறவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். சொந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவர்களின் திருப்தி. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 3, வியாழன்

நகத்துக்குச் சாயம் பூசும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். நீல முடி. என்னைவிட இளையவள். பழைய கவிதையைக் கண்டதும் தாடையை எடுத்துவிட்டாள்.

"ஐயோ, இதா? பரீட்சைக்கு இதை மனப்பாடம் பண்ணி எனக்குத் தலைவலியே வந்துச்சு. பரீட்சையில இதுக்கு அஞ்சு மார்க்கு."

"தாடையை வைங்க, மிஸ்."

வைத்தாள். முதல் வரி. இரண்டாவது வரியில் அவள் கண்ணும் மூடிக்கொண்டது.

முடிந்ததும், "சாரி லா. தூக்கம் இல்ல. அது தானா மூடிக்குது," என்றாள். மதிப்பெண் இரண்டு போட்டாள். பிறகு அழித்துவிட்டு ஐந்து போட்டாள். பிறகு கோபமாக என்னைப் பார்த்தாள், நான்தான் போட வைத்ததுபோல.

அவளையும் எடுத்துவிட்டேன்.

இரவு உணவு: நேற்றைய மீன் குழம்பு. அம்மா, "அந்தச் சீன அம்மோய்ங்க உன்னை நல்லா வச்சுக்கிறாங்களா?" என்று கேட்டாள். நல்லா வச்சுக்கிறாங்க என்றேன்.

அக்டோபர் 9, புதன்

இன்று தியோ சார் வந்தார்.

எங்கள் சீன ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர். அம்மா அந்தப் பள்ளிக் கேண்டீனில் தட்டுக் கழுவுகிறாள், அன்றும் இன்றும். என்னை அங்கே சேர்த்தவர் அவர். லோகேஸ்வரியான எனக்கு லுவோ சியா என்று சீனப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் தினமும் காலையில் கேண்டீனுக்குக் காப்பி குடிக்க வருவார். கவிதைப் பட்டியல் முழுக்கப் பழையதாக இருக்க வேண்டும் என்கிற கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான். அவரிடம் குலச் சங்கம் ஆய்வுக்கு வாசகர் வேண்டும் என்று கேட்டபோது தானே கிளம்பி வந்துவிட்டார்.

"சியா சியா!" என்றார் நடைபாதையிலிருந்தே. "வெய் ஜியான், உனக்குத் தெரியுமா? இவளுக்கு எட்டு வயசு. மேடையில ஏத்தினேன். பழைய கவிதை ஒண்ணு விடாம சொல்லுவா. கறுப்புப் பொண்ணு, செவப்புச் சீனச் சட்டை. கல்வி அமைச்சுலேர்ந்து வந்தவங்க எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க."

எட்டு வயதில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வயது வரை. ஒவ்வொரு விழாவிலும். மற்ற பிள்ளைகள் சொன்னால் கவிதைக்குக் கைதட்டுவார்கள். நான் சொன்னால் எனக்குக் கைதட்டினார்கள். நாய் சைக்கிள் ஓட்டினால் தட்டுகிற கைதட்டல். பொருள் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சட்டையின் கழுத்துப்பட்டை உரசி எனக்குப் புண் வரும்.

அவர் தாடையை வைத்தார். பல்செட் கட்டியிருக்கிறார், தாங்கியில் வைத்ததும் கிளிக் என்றது. பழைய கவிதை வந்ததும் எதிர்பார்த்தபடி கண்ணை மூடினார். மாண்டரினில்கூட இல்லை. வீட்டுச் சீனமான ஹொக்கியனில் முணுமுணுத்தார். வரிக்கடைசிகள் வெட்டுப்பட்டு நின்றன. நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

பல்செட் கவிதைக்கு ஒன்று போட்டார். "இது குப்பை. எழுதினவன் யாருன்னு சொல்லு, நான் அவனுக்குப் பேனா வாங்கக் காசு தரேன், வேற ஏதாவது எழுதட்டும்," என்றார்.

தட்டச்சு செய்தேன். பிறகு விதிப்படி அவரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போது எப்படி இருந்தது என்று எழுதவேண்டாம்.

அக்டோபர் 10, வியாழன்

அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மதியம் வெய் ஜியான் என் மேசையில் ஏறி உட்கார்ந்தான். மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தை என் தாள்களின்மேல் வைத்தான்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? அந்தப் பல்செட் யாரோடது?"

"கவிதையில வர்ற அப்பாவோடது."

"கவிதையில இல்ல லா. நிஜத்துல. டாக்டரோட அப்பா. மார்க்கெட்டுல மீன் வித்தவரு. கவிதை டாக்டர் எழுதினது." வாய் நிறைய மீயோடு சிரித்தான். "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நீ அவங்க அப்பா பல்லுக்கு வந்த திட்டையெல்லாம் அழகா டைப் பண்ணிக் கொடுக்கிறே."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

இன்றைய தாளும் என் கையில் இருந்தது. அதில் ஒருவர், "எழுதினவர் அப்பாவைப் புதைச்ச மாதிரி இதையும் புதைச்சிருக்கலாம்," என்று சொல்லியிருந்தார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே படித்தார்.

"வேற?" என்றார்.

"வேற இல்ல, டாக்டர்."

எனக்கு அந்தக் கவிதை பற்றி என்ன தோன்றுகிறது என்று அவர் இதுவரை கேட்டதில்லை. ஆய்வை நடத்துகிறவர்கள் வாசகர்கள் ஆகமாட்டார்கள். அதுவும் விதி. யாரும் இல்லாத நேரத்தில் நான் அதைத் திரையில் போட்டுப் பார்ப்பது விதிக்குள் வருமா தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அப்பா போன பிறகு வருகிற முதல் தீபாவளி என்பதால் பலகாரம் இல்லை. அம்மா கோழி மட்டும் சமைத்தாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

பாத்திரம் கழுவும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"தியோ சாரை ஏன் ரெண்டாவது தடவை கூப்பிடலே?"

விஷயம் இதுதான். பட்டியலில் இருப்பவர்களை, எந்தக் கவிதை எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்க இந்த வாரம் மறுபடி கூப்பிட்டோம். குலச் சங்கத்தில் பாதிப் பேருக்கு அழைப்பு. பாதிப் பேருக்கு இல்லை. அவருக்கு இல்லை.

"அவரு கேண்டீனுக்கு வந்து எல்லாரு முன்னாலயும் கேக்கறாரு. 'உன் மவகிட்ட கேளு, எனக்குக் கவிதை படிக்கத் தெரியலையாம்'னு. எனக்கு மூஞ்சை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல."

"அது மெஷினும்மா. மெஷின் எடுக்கல."

"மெஷினை யாரு வச்சிருக்கா? நீதானே?"

"விதிம்மா."

"என்னா லா விதி! அவரு இல்லேன்னா நீ இந்நேரம் என் பக்கத்துல நின்னு தட்டுக் கழுவிக்கிட்டிருப்பே. நெனப்பு இருக்கட்டும்."

இருக்கிறது. மறக்க விட்டால்தானே.

நவம்பர் 6, புதன்

வாசிப்புகள் முடிந்தன. நேற்று உட்கார்ந்து, நான் எடுத்துவிட்டவர்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். யாரும் சொல்லாமல் நானாகத்தான். முக்கால்வாசிப் பேர் பழைய கவிதைக்குக் கண் மூடியவர்கள். அவர்கள் அதற்குப் போட்ட மதிப்பெண் ஆறு, ஏழு. பட்டியலில் மிஞ்சியவர்கள் பல்செட்டின்மேல் கண்ணை ஓட்டி ஓட்டித் திட்டியவர்கள்.

அதாவது பழையது பிடித்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, புதியது பிடிக்காதவர்களை எண்ணி, அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று எழுதப்போகிறோம்.

இதைச் சொன்னால் தியோ சார் கூட்டம் ஜெயிக்கும். அவர் ஜெயிப்பதைப் பார்ப்பதைவிட நான் கடலில் குதிப்பேன். இருந்தாலும் இன்று டாக்டரின் அறைக்குப் போனேன். கதவருகிலேயே நின்றேன்.

"கண்ணை மூடினவங்க, டாக்டர். அவங்க படிக்காம மூடல. மனசுல படிச்சாங்கன்னு தோணுது."

"தோணுதா?"

"மதிப்பெண்ணும் அதிகமா..."

"மதிப்பெண்ணை நான் இந்தக் கட்டுரையில சேக்கவே போறதில்ல. பெரியவங்க பாத்தா பழசுக்கு ஏழு போடணும்னு நமக்கு இஸ்கூல்ல அடிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வாய் பொய் சொல்லும். கண்ணு சொல்லாது."

"மூடின கண்ணு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக முழுசாக என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"லோகேஸ்வரி, நான் மீன் கூடை தூக்கிட்டுப் படிச்சவ. இந்தத் துறையில எல்லாரும் என்னைப் பாத்து மூக்கைப் பொத்தினாங்க. இருபது வருஷமா அந்தக் கெழவனுங்க நிலா, மது, படகுன்னு சொல்லிச் சொல்லியே எங்களை மாதிரி ஆளுங்க எழுதறதைக் கவிதையே இல்லேன்னு வெளியில நிறுத்தினாங்க. இப்ப கையில ஒரு வரைபடம் இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் உன் உபகாரச் சம்பளத் தாள்ல கையெழுத்துப் போடணும். வேற ஏதாவது தோணுதா?"

"இல்ல, டாக்டர்."

நவம்பர் 16, சனி

ஆசிரியர் சங்கக் கூட்டம், குலச் சங்க மண்டபத்தில். மேலே சிவப்பு விளக்குகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆசிரியர்கள், சங்கத்தார், முன்வரிசையில் தியோ சார். நான் பக்கவாட்டில் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். வரைபடங்களை மாற்றுவது என் வேலை.

டாக்டர் நன்றாகப் பேசினார். பல்செட் சிவப்பாகச் சுவர் அளவுக்கு விரிந்தது. எரிச்சலோடு முனகல்கள். கேள்வி நேரத்தில் தியோ சார் எழுந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். எங்க சங்கத்துலேர்ந்து நானும் வந்து தாடையை வச்சேன். என்னை மாதிரி நிறையப் பேரு வச்சாங்க. அவங்களை அப்புறம் கூப்பிடவே இல்ல. இந்தப் படத்துல நாங்க எங்க இருக்கோம்?"

"சில பதிவுகள்ல கருவிக் கோளாறு, சார்."

"கோளாறு கருவியிலயா, எங்க கண்ணுலயா?"

சிரிப்பு. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பதிவுகளைப் பாத்துக்கிட்டது என் உதவியாளர். லோகேஸ்வரி, கருவிக் கோளாறுதானே?"

ஆமாம் என்றால் போதும். ஒரே வார்த்தை. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமாக.

"இல்ல, டாக்டர்," என்று கேட்டது. என் குரல்தான். "கருவி நல்லாத்தான் வேலை செஞ்சிச்சு. பழைய கவிதை வந்ததும் அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. மூடினவங்களை நான் எடுத்துட்டேன். செவப்பா இருக்கிறது பிடிச்ச இடம் இல்ல. அங்க நின்னுதான் எல்லாரும் திட்டினாங்க. திட்டினதை டைப் பண்ணினது நான்."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். டாக்டர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தியோ சார் கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்தீங்களா? இவ நான் வளத்த இந்தியப் பொண்ணு! இவளுக்கே தெரியுது எது கவிதைன்னு!"

இன்னும் பலமாகக் கைதட்டல். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும். கழுத்து எரிந்தது. நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நான் இன்னும் முடிக்கல, சார்," என்றேன். "நீங்க பல்செட் கவிதைக்கும் கண்ணை மூடினீங்க."

கைதட்டிய கைகள் கீழே இறங்கின.

"குப்பைன்னு சொன்னீங்க. ஒண்ணு போட்டீங்க. ஆனா படிக்கும்போது ஒரு வரியில நின்னு கண்ணை மூடிட்டீங்க. ரொம்ப நேரம். பழைய கவிதைக்கு மூடினதைவிட அதிகம். அப்ப உதடு அசையல. கண்ணு தொறந்தப்ப ஈரமா இருந்துச்சு. பதிவுல இருக்கு."

அவர் வாய் திறந்தது. பல்செட் லேசாக நழுவி, கிளிக் என்று மறுபடி பொருந்தியது. முன்வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

"கண்ணு வலி," என்றார். "எனக்குக் கண்ணு வலி." உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டார்.

தியோ சாரின் மனைவி போன வருடம் இறந்தது எனக்குத் தெரியும். அம்மா அழுதுகொண்டே சாவு வீட்டுக்குப் போய் வந்தாள். எழுந்து நின்றபோதும் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை. சார் இன்று காப்பி குடிக்க வரவில்லை என்று அண்ணனிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி. பகலில் ஆய்வறையில் சாரின் பதிவிலிருந்து அந்த வரியை மட்டும் அழித்திருந்தேன்.

நவம்பர் 20, புதன்

டாக்டர் கூ கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மேசையில் என் உபகாரச் சம்பளத் தாள் இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"மொதல்ல நீ சொன்னதுக்காக இதை நான் நிறுத்தல. நிறுத்தணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. நேத்து ராத்திரி எல்லாப் பதிவையும் மறுபடி பாத்தேன். நீ சொன்னது சரி. கட்டுரையைத் திருப்பி எழுதப்போறேன். மூடின கண்ணையும் சேத்து."

அவர் தாளை எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

"ஆனா ரெண்டாவது சொன்னே பாரு. ஒரு வாசகர் நம்மள நம்பி, பேரு வெளியில வராதுன்னு எழுத்துல வாங்கிட்டு, தாடையைக் கொண்டுவந்து வச்சாரு. அவரு கண்ணுல என்ன இருந்துச்சுன்னு நூறு பேரு முன்னால சொன்னே. அவரு எனக்கு எதிரிதான். இருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். இதுக்கப்புறம் உன்னை எந்த வாசகர் முன்னாலயும் உக்கார வைக்க முடியாது."

அவர் கத்தியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"வெய் ஜியான் பேரைக் கொடுத்துட்டேன்," என்றார்.

"சரி, டாக்டர்."

வெய் ஜியான் வெளியே நின்றிருந்தான். ஒட்டுக்கேட்டிருக்கிறான். "என்னா தைரியம் லா உனக்கு," என்றான், ஒருமுறையாவது கிண்டல் இல்லாமல். பிறகு, "எனக்கு நல்லதாப் போச்சு," என்றான். குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை.

பொருள்களை எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுக்க மறுபடி டாக்டரின் அறைக்குப் போனேன். சாவியை வாங்கிக்கொண்டார். நான் கதவு வரை வந்துவிட்டேன்.

"லோகேஸ்வரி."

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிவுல பேருதான் இருக்கு. எந்த வரிங்கிறதை நீ அழிச்சிட்டே போலருக்கு. அந்தக் கெழவன்... எந்த வரியில மூடினான்?"

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் எதையும் இந்தக் குரலில் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒருவேளை அந்தத் தாளைக்கூட இழுப்பறையிலிருந்து எடுத்திருப்பார். தெரியாது.

"வாசகர் கண்ணுல இருந்ததை வெளியில சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க, டாக்டர்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதா, போ என்பதா தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எந்த வரி என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. நானும் அந்த வரியைக் கண் திறந்து படித்ததில்லை.